விடுபட்டுப்போன பாடம்: நார்ச்சத்தும் பெருங்குடலின் குடிகளும்



ஆண்டுவிழா மலருக்கு அறிவியற் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, விண்வெளியைப் பற்றி எழுதலாமா, கணினியைப் பற்றி எழுதலாமா என்று முதலில் எண்ணினோம். ஈற்றில், எல்லோருக்கும் மிக அண்மையில் உள்ளதும், எவரும் வாய்விட்டுப் பேசக் கூசுவதுமான ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதுவே எமது பெருங்குடல்.

இத்துணிவுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஓர் ஆசிரியனின் கடன். தாயகத்தில், வன்னிப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றில் நாம் பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தோம். சமிபாட்டுத் தொகுதியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, "சிறுகுடல் உணவை அகத்துறிஞ்சுகிறது, பெருங்குடல் நீரை அகத்துறிஞ்சுகிறது, எஞ்சியது கழிவு" என்று சொல்லிக்கொடுத்தோம். நார்ப்பொருளைப் பற்றி ஒரேயொரு வரிதான் சொன்னோம்: "அது சமிபாடடையாது, ஆகவே அதிற் போசணை இல்லை, மலச்சிக்கலைத் தடுக்க மட்டும் உதவும்." மாணவர் அதனை அப்படியே எழுதினர், நாமும் முழுப்புள்ளி வழங்கினோம். அந்த விடை தவறன்று. ஆயினும் அது பாதி விடை. மீதிப் பாதியை இம்மலரின் வாயிலாக எழுத விழைகின்றோம்.

இரண்டாவது காரணம் ஒரு தாயின் கேள்வி. எமது வகுப்பிற் படிக்கும் பதினொரு வயது மாணவன் ஒருவன் சனிக்கிழமைகளில் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையிற் சாய்ந்திருப்பான். மருத்துவரிடம் காட்டியபோது, நாட்பட்ட மலச்சிக்கலே காரணம் என்று தெரியவந்தது. அவனுடைய தாயார் எம்மிடம் வந்து கேட்டார்: "மாஸ்டர், நாங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கேல்லையே. கேட்டதெல்லாம் வாங்கித்தானே குடுக்கிறம். பிறகேன் இப்பிடி?"

இக்கேள்வி எம்மைச் சுட்டது. ஏனெனில் அவன் உண்டது வெள்ளைப் பாண், நூடில்ஸ், கோழிப் பொரியல், வெள்ளரிசிச் சோறு, பிஸ்கற் ஆகியனவே. பணத்திலோ அன்பிலோ குறையில்லை. ஆலைகளிற் கழித்து ஒதுக்கப்பட்ட ஒன்றிலேதான் குறை இருந்தது.

நார்ச்சத்து என்பது யாது?

தாவர உணவுகளில், மனிதருடைய சமிபாட்டு நொதியங்களால் உடைக்கமுடியாத பகுதியே நார்ச்சத்து ஆகும். சோற்றிலுள்ள மாப்பொருளை எமது உமிழ்நீரும் சிறுகுடலும் வெல்லமாக உடைத்துவிடுகின்றன. ஆனால் தாவரக் கலங்களின் சுவராக அமைந்த செலுலோசு, பழங்களிலுள்ள பெக்ரின் முதலியவற்றை உடைக்கும் நொதியம் எம்மிடம் இல்லை. இவை சிறுகுடலை உருமாறாமற் கடந்து பெருங்குடலைச் சென்றடைகின்றன. 'உணவு நார்' என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரை 1953 ஆம் ஆண்டில் எபன் ஹிப்ஸ்லி என்ற ஆய்வாளர் முதன்முதலாகப் பயன்படுத்தினார்.

விளக்கத்தின் பொருட்டு இதனை மூவகையாகக் கொள்ளலாம். கரையாத நார் முதலாவது வகை. கோதுமைத் தவிடு, கீரைத் தண்டு, காய்களின் தோல் ஆகியவற்றில் இது மிகுதி. இது நீரைப் பிடித்துவைத்து மலத்தைப் பருமனாக்கிக் குடலில் விரைந்து நகரச் செய்கின்றது. கரையும் நார் இரண்டாவது வகை. ஓட்ஸ், பார்லி, பருப்பு, அப்பிள், வெண்டிக்காய் ஆகியவற்றில் இது உண்டு. வெண்டிக்காயை வெட்டும்போது கையில் வழுவழுப்பாக ஒட்டுவது இவ்வகையே. இது குடலிற் கூழ்போலாகி, வெல்லம் இரத்தத்திற் சேரும் வேகத்தைத் தணிக்கின்றது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீற்றா குளுக்கன் எனும் கரையும் நார் இரத்தத்திலுள்ள கொலஸ்ரரோலைக் குறைக்கவும் உதவுகின்றது.

மூன்றாவது வகை வியப்புக்குரியது. அது மாப்பொருளாயினும் நாரைப்போல நடந்துகொள்வது. சமைத்து ஆறவைத்த சோறு, ஆறிய உருளைக்கிழங்கு, வாழைக்காய் ஆகியவற்றிலுள்ள மாப்பொருளின் ஒரு பகுதி சமிபாட்டுக்கு இணங்காமற் பெருங்குடல்வரை சென்றுவிடுகின்றது. ஹான்ஸ் எங்லிஸ்ட் என்பார் 1982 ஆம் ஆண்டில் இதற்கு, சமிபாட்டை எதிர்க்கும் மாப்பொருள் எனும் பொருள்படப் பெயரிட்டார்.

உகண்டாவில் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர்

நார்ச்சத்தின் பெருமையை மேலைநாட்டவர்க்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் டெனிஸ் பேர்க்கிட். 1911 ஆம் ஆண்டில் அயர்லாந்திற் பிறந்த இவர், சிறுவயதிலேயே விபத்தொன்றில் ஒரு கண்ணை இழந்தவர். ஒற்றைக் கண்ணுடன் சத்திரசிகிச்சை வைத்தியராகி, 1946 முதல் உகண்டாவிற் பணியாற்றினார். ஆபிரிக்கச் சிறுவரைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோயை 1958 ஆம் ஆண்டில் விளக்கியமைக்காக அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

உகண்டாவில் அவரைச் சிந்திக்கவைத்தது வேறொன்றும் உண்டு. பிரித்தானிய வைத்தியசாலைகளில் அன்றாடம் காணப்படும் குடல்வளரி அழற்சி, பித்தக்கல், பெருங்குடற் புற்றுநோய் ஆகியவை அங்குள்ள கிராமத்தவரிடையே மிக அரிதாகவே இருந்தன. அங்கு நீண்டகாலம் பணிபுரிந்த ஹியூ ட்ரொவெல் என்ற மருத்துவரும் இதனையே கண்டிருந்தார். காரணம் தேடியபோது உணவிலுள்ள வேறுபாடு புலப்பட்டது. 1972 ஆம் ஆண்டில் பேர்க்கிட்டும் அவருடைய தோழர்களும் தமது அளவீடுகளை வெளியிட்டனர். ஆபிரிக்கக் கிராமத்தவர் உண்ட உணவு குடலைக் கடந்து வெளியேற ஏறத்தாழ ஒன்றரை நாளே எடுத்தது. மேலைநாட்டு உணவை உண்டவர்களிலோ அது மூன்று நாள்வரையும், சிலரில் அதற்கு மேலும் தங்கியிருந்தது. பேர்க்கிட் கூறிய காரணங்கள் யாவும் பின்வந்த ஆய்வுகளில் அப்படியே நிலைபெறவில்லை. ஆயினும் அவர் சுட்டிய திசை சரியானதே என்பது உறுதியாயிற்று.

இங்கு எமக்கு நெருக்கமான செய்தியொன்றைச் சொல்லவேண்டும். உகண்டா மக்களின் பழைய உணவுகளில் ஒன்று குரக்கன். எமது பாட்டிமார் பிட்டாகவும் கூழாகவும் ஆக்கிய அதே குரக்கன்தான். அத்தானியம் முதன்முதற் பயிராக்கப்பட்டது கிழக்காபிரிக்க உயர்நிலங்களிலேயே. பன்னெடுங்காலத்துக்கு முன்னர் அது கடல் கடந்து எமது மண்ணுக்கு வந்தது. அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. ஏழையின் உணவென்று நாம் ஒதுக்கிய தானியம் உலகின் இரு முனைகளிலே மக்களின் குடலைக் காத்துவந்திருக்கின்றது.

பெருங்குடலின் குடிகள்

இனி, நாம் கற்பிக்கத் தவறிய பகுதிக்கு வருவோம். பெருங்குடல் கழிவைச் சேர்த்துவைக்கும் வெறும் பை அன்று. அது ஓர் ஊர். அதன் குடிமக்கள் கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்கள். ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்றும், உடலின் சொந்தக் கலங்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி என்றும் 2016 ஆம் ஆண்டில் அறிஞர் கணக்கிட்டனர். அப்பற்றீரியாக்களிற் பெரும்பான்மையின் வாழ்விடம் பெருங்குடலே. அவை அனைத்தையும் திரட்டி நிறுத்தால் ஏறத்தாழ 200 கிராம்தான் இருக்கும்.

இக்குடிகளுக்கு உணவு எங்கிருந்து வருகின்றது? வெல்லம், கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் பெரும்பகுதியைச் சிறுகுடலே எடுத்துக்கொள்கின்றது. ஆகவே பெருங்குடலைச் சென்றடையும் நார்ச்சத்தே அவற்றின் முதன்மையான உணவு. எம்மிடம் இல்லாத நொதியங்கள் அவற்றிடம் உண்டு. அவை நாரை நொதிக்கச் செய்து அசற்றிக் அமிலம், புரொப்பியோனிக் அமிலம், பியூட்ரிக் அமிலம் எனும் சிறிய கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்ரிக் அமிலம் பெருங்குடற் சுவரிலுள்ள கலங்களின் முதன்மையான எரிபொருளாகும். அதாவது, எமது பெருங்குடற் சுவர் தனக்கு வேண்டிய சக்தியின் பெரும்பங்கை, அங்கு குடியிருப்போர் ஆக்கித்தரும் பொருளிலிருந்தே பெறுகின்றது.

இதனை ஒரு குத்தகை உடன்படிக்கைக்கு ஒப்பிடலாம். நாம் இடமும் நாரும் கொடுக்கின்றோம். அவை அமிலங்களை வாடகையாகத் தருகின்றன. அவ்வமிலங்கள் குடலின் சுற்றாடலைச் சற்றுப் புளிப்பாக்கித் தீய கிருமிகள் பெருகாமலும் காக்கின்றன. "சமிபாடடையாதது, ஆகவே போசணையற்றது" என்று நாம் கரும்பலகையில் எழுதியது எத்துணைக் குறைபாடானது என்பது இப்போது விளங்கும். நார் எமக்குச் சமிபாடடையவில்லை. எம்முள் வாழ்வோருக்குச் சமிபாடடைகின்றது.

தாய்ப்பால் புகட்டும் பாடம்

இவ்வுண்மையை இயற்கை எமக்கு முதல் நாளிலேயே சொல்லிவைத்திருக்கின்றது. தாய்ப்பாலிலுள்ள திண்மப் பொருள்களில் இலக்ரோசு முதலிடத்திலும் கொழுப்பு இரண்டாமிடத்திலும் உள்ளன. மூன்றாமிடத்தில் உள்ளவை சிறு வெல்லத்தொடர்கள். ஒரு லீற்றர் பாலில் 5 முதல் 15 கிராம் வரை இவை காணப்படும். வியப்பு யாதெனின், குழந்தையால் இவற்றைச் சமிபாடடையச் செய்ய முடியாது! தன் உடலை வருத்திப் பால் சுரக்கும் தாய், பிள்ளைக்குச் சமிபாடடையாத பொருளை ஏன் அதிற் கலந்து கொடுக்கின்றாள்?

அது பிள்ளையின் குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களுக்கான உணவு. பாரிசு நகரில் ஹென்றி டிசியே என்பவர், தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்திலே கவர் பிரிந்த வடிவமுடைய பற்றீரியாவை 1899 ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். பிபிடோபற்றீரியா என வழங்கும் அவ்வினம் இவ்வெல்லத்தொடர்களை உண்டு செழித்து, குழந்தையின் குடலைக் காக்கின்றது. தாய் ஊட்டுவது ஒரு பிள்ளைக்கு மட்டுமன்று. அப்பிள்ளையினுள் வளரும் ஊருக்கும் சேர்த்தே ஊட்டுகின்றாள்.

இவ்வாறு நன்மை செய்யும் நுண்ணங்கிகளுக்கு உணவாகி, அதனால் எமக்கு நலம் பயக்கும் பொருள்களைப் பிரீபயோட்டிக் என அழைப்பர். 1995 ஆம் ஆண்டில் கிளென் கிப்சன், மார்செல் ரொபர்புறொயிட் எனும் இரு அறிஞர் இச்சொல்லை உருவாக்கினர். இதனைப் புரோபயோட்டிக் என்பதோடு குழப்பலாகாது. புரோபயோட்டிக் என்பது நன்மை தரும் உயிருள்ள நுண்ணங்கியையே உட்கொள்வது. பிரீபயோட்டிக் என்பது ஏற்கெனவே உள்ளிருக்கும் நுண்ணங்கிக்கு உணவு கொடுப்பது. முன்னது வயலில் விதையிடுவது போன்றது. பின்னது நின்ற பயிருக்கு எரு இடுவது போன்றது.

பிரீபயோட்டிக் பொருள்களுள் நன்கு ஆராயப்பட்டது இனுலின் என்பதாகும். 1804 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியர் ஒருவர் இதனை ஒரு மூலிகையின் வேரிலிருந்து பிரித்தெடுத்தார். வெங்காயம், உள்ளி, லீக்ஸ், கோதுமை, வாழைப்பழம் ஆகியவற்றில் இது இயற்கையாகவே உண்டு. இன்று சிக்கரி வேரிலிருந்து எடுக்கப்படும் இனுலினைத் தயிர், தானிய உணவு, இனிப்புப் பட்டைகள் ஆகியவற்றிற் கலந்து விற்கின்றனர்; தூளாகப் போத்தலிலும் அடைக்கின்றனர். இவை தீயன அல்ல. ஆயினும் ஒரேவகை நார் ஒரேவகைக் குடிகளையே பெரும்பாலும் வளர்க்கும். பலவகைக் குடிகளும் வாழ வேண்டுமாயின் பலவகை நாரும் செல்லவேண்டும். ஆகவே வெங்காயமும் உள்ளியும் பருப்பும் கீரையும் உள்ள கறிச்சட்டிக்கு ஒரு போத்தல் தூள் ஈடாகாது.

பசித்த குடிகள்

உணவு கொடாவிடின் இக்குடிகள் என்ன செய்யும்? 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இதனை எலிகளிற் காட்டியது. நாரில்லாத உணவை உண்ட எலிகளின் பெருங்குடலில், பசித்த பற்றீரியாக்கள் குடற் சுவரைப் போர்த்திக் காக்கும் சீதப்படையையே உண்ணத் தொடங்கின. வேலி மெலிந்தபோது நோய்க்கிருமி எளிதாக உட்புகுந்தது. குடிகளைப் பட்டினி போட்டால் அவர்கள் வீட்டின் கூரையைப் பிரித்து எரிப்பார்கள் என்பதே இதன் பொருள்.

எம் போன்ற புலம்பெயர்ந்தோர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஆய்வு மற்றொன்று உண்டு. தென்கிழக்காசியாவைச் சேர்ந்த மொங், கரென் எனும் இரு சமூகத்தவர் பெருந்தொகையினராக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற் குடியேறியுள்ளனர். எம்மைப் போலவே அவர்களும் போராலும் அடக்குமுறையாலும் ஏதிலிகளானவர்கள். அச்சமூகங்களின் பெண்கள் உட்பட 500 இற்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. புதிய நாட்டில் கால்வைத்த சில மாதங்களிலேயே குடல் நுண்ணங்கிகள் மாறத் தொடங்கின. அவற்றின் வகைகள் குறைந்தன. நாரை உடைக்கும் ஆற்றல் தேய்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இழப்பு மிகுந்தது. புதிய நாட்டிற் பிறந்த பிள்ளைகளில் அது இன்னும் மிகுந்திருந்தது. உணவு மட்டுமே இதற்கு முழுக் காரணம் அன்று என்று அவ்வாய்வாளரே கூறியுள்ளனர். ஆயினும் உணவு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

தலைமுறைகள் கடந்தால் யாது நிகழும்? மனிதக் குடல் நுண்ணங்கிகளைக் குடியேற்றிய எலிகளுக்கு அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் நான்கு தலைமுறைகளாக நார் குறைந்த உணவையே கொடுத்தனர். அம்முடிவு 2016 ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் தலைமுறைக்கு நாருணவை மீண்டும் கொடுத்தபோது, குறைந்துபோன நுண்ணங்கிகள் பெரும்பாலும் மீண்டு பெருகின. பின்வந்த தலைமுறைகளிலோ, நாருணவை மீண்டும் கொடுத்தும் பல இனங்கள் திரும்பவேயில்லை. அவை மறைந்தே போயிருந்தன. எலியிற் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல இயலாது. எனினும் இவ்வாய்வை வாசித்தபோது எமது நெஞ்சம் துணுக்குற்றது.

ஏனெனில் வாரந்தோறும் இப்பாடசாலையில் நாம் காண்பதும் இதுவேயன்றோ! தாய்நாட்டிலிருந்து வந்தவர் சில காலம் தமிழைப் பேசாதிருந்தாலும், பேசத் தொடங்கியவுடன் சொற்கள் திரும்பிவிடுகின்றன. அவருடைய பிள்ளைக்கு முயற்சி வேண்டியிருக்கின்றது. பேரப்பிள்ளைக்கோ திரும்பி வருவதற்கு ஒரு சொல்லும் உள்ளே இருப்பதில்லை. எல்லாவற்றையும் வெளியிலிருந்தே புகட்டவேண்டியிருக்கின்றது. ஊட்டாதது தேயும், தேய்ந்தது ஒரு தலைமுறையில் மீளும், பல தலைமுறை கடந்தால் மீளாது. மொழிக்குரிய இவ்விதி குடலுக்கும் ஓரளவு பொருந்துவதை எண்ணி வியக்கின்றோம்.

எமது அடுக்களையில்

ஒரு நாளைக்கு எவ்வளவு நார்ச்சத்து வேண்டும்? பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் பரிந்துரையின்படி, வளர்ந்தோருக்கு 30 கிராம் வேண்டும். 2 முதல் 5 வயதுவரை 15 கிராமும், 5 முதல் 11 வயதுவரை 20 கிராமும், 11 முதல் 16 வயதுவரை 25 கிராமும் தேவை. உலகெங்குமுள்ள பல ஆய்வுகளைத் தொகுத்து 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை உண்போரிடையே இருதய நோய், நீரிழிவு, பெருங்குடற் புற்றுநோய் ஆகியவை, மிகக் குறைவாக உண்போரைவிட 15 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருந்தன. வீட்டுக்கு வீடு நீரிழிவு நுழைந்துவிட்ட எமது சமூகத்துக்கு இது சிறிய செய்தியன்று.

ஒரு பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். காலையில் வெள்ளைப் பாண் இரு துண்டுகளில் ஏறத்தாழ 2 கிராம். மதியம் வெள்ளரிசிச் சோறு 200 கிராமில் ஏறத்தாழ 1 கிராம். கோழி, முட்டை, பால் ஆகியவற்றில் நார் அறவே இல்லை. ஆக, இரண்டு வேளை உண்டும் 3 கிராம்தான். இதனையே சற்று மாற்றுவோம். முழுக்கோதுமைப் பாண் இரு துண்டுகளில் ஏறத்தாழ 5 கிராம். தவிடு நீக்காத அரிசிச் சோறு 200 கிராமில் ஏறத்தாழ 3 கிராம். அவித்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம். தோலுடன் ஓர் அப்பிளில் ஏறத்தாழ 3 கிராம். இவற்றோடு கீரையும் காய்கறியும் 3 கிராம். கூட்டினால் 21 கிராம். பெரிய செலவொன்றும் இல்லை. புதிய சமையலும் கற்கவேண்டியதில்லை.

வெள்ளைச் சோறின்றி இயலாதெனின், அகப்பையில் ஒன்றைக் குறைத்துப் பருப்புக்கறியில் ஒன்றைக் கூட்டலாம். கௌபி, பயறு, கடலை ஆகியவற்றை ஊறவைத்து அவித்துத் தேங்காய்ப்பூவும் தாளிதமும் இட்டால், கிறிஸ்ப்ஸ் பைக்கு மாற்றாகும். கோதுமை மாவுடன் குரக்கன் மாவைக் கலந்து ரொட்டி சுடலாம். முருங்கையிலையோ வல்லாரையோ கிடைக்காத வாரத்தில், இந்நாட்டுக் கேல் கீரையையும் கோவாவையும் அதே முறையில் வறை வறுக்கலாம். இந்நாட்டு ஓட்ஸ் கஞ்சியும் எமது கூழின் உறவினனே. அதனை அந்நியமென்று தள்ளவேண்டியதில்லை.

பழஞ்சோற்றைப் பற்றி ஒரு சொல். ஆறிய சோற்றில் சமிபாட்டை எதிர்க்கும் மாப்பொருள் கூடுவது உண்மையே. ஆனால் சமைத்த சோற்றை வெப்பமான அடுக்களையில் நெடுநேரம் விட்டுவைத்தால், நச்சை உண்டாக்கும் பற்றீரியா அதில் வளரும். மறுபடி சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. ஆகவே ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் உண்டுவிடல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இக்கட்டுரையை வாசித்த அன்றே வீட்டிலுள்ளோர் தட்டில் கடலையைக் குவித்துவிடவேண்டாம். குடிகள் தொகை பெருகச் சிறிது காலம் வேண்டும். திடீரென நாரைக் கூட்டினால் வாயுவும் வயிற்றுப்பொருமலும் உண்டாகும். இரண்டு மூன்று கிழமைகளில் படிப்படியாகக் கூட்டுதலே நன்று. நாரோடு நீரும் போதியளவு பருகவேண்டும். நீரின்றி நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் மிகவும் கூடும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் தனித் தவிட்டை ஊட்டலாகாது. அவர்களுடைய சிறிய வயிறு விரைவில் நிரம்பிவிட, வேண்டிய உணவு உட்செல்லாது. குடல் நோயுடையோரும் சிறுநீரக நோயுடையோரும் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றவேண்டும்.

மலத்தில் இரத்தம் கண்டாலோ, மலங்கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறினாலோ, அதனை மூலம் என்று தாமே முடிவுசெய்து மறைத்துவைத்தல் ஆகாது. இங்கிலாந்தில் 50 வயதை எட்டியோருக்குக் குடற் புற்றுநோயைக் கண்டறியும் பரிசோதனைப் பொதி அஞ்சலில் வருகின்றது. அதனை அருவருத்துக் குப்பையில் இடுவோர் எம்மவரிற் பலர். அவ்வாறு இட்டுவிட்டுப் பின்னர் வருந்திய ஒருவரை நாம் நன்கறிவோம். கூச்சம் எமது பண்பாடாயிருக்கலாம். அது எமது உயிரை வாங்குமளவுக்கு இடங்கொடுத்தல் தகாது. பாடசாலைக் கழிப்பறைக்குச் செல்லக் கூசி அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உள்ளனர். மாணவச் செல்வங்களே, அடக்குதல் நோயை வளர்க்கும். ஆசிரியரிடம் கேட்டுச் செல்லுங்கள், அதில் வெட்கமில்லை.

மாணவர்க்கு ஒரு வீட்டுவேலை

ஆசிரியன் எழுதும் கட்டுரையில் வீட்டுவேலை இல்லாதிருக்குமா? இக்கிழமை பெற்றோருடன் கடைக்குச் செல்லும்போது மூன்று வகைப் பாண் பொதிகளின் பின்புறத்தைப் பாருங்கள். 'பைபர்' என்று குறித்த வரிசையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று எழுதிவாருங்கள். 3 கிராமுக்குக் குறைவில்லையெனின் அது நார்ச்சத்துத் தரும் உணவு. 6 கிராமுக்குக் குறைவில்லையெனின் நார்ச்சத்து மிகுந்த உணவு என்று இந்நாட்டுச் சட்டம் சொல்கின்றது. நிறத்தை நம்பாதீர்கள், பழுப்பு நிறமுடையதெல்லாம் முழுத்தானியப் பாண் அன்று. அடுத்து, வீட்டிலுள்ள பெரியோரிடம், அவர்கள் உங்கள் வயதில் உண்ட பத்து உணவுகளின் பெயர்களைத் தமிழிற் கேட்டு எழுதுங்கள். அவற்றில் எத்தனையை நீங்கள் உண்டிருக்கின்றீர்கள் என்றும் குறியுங்கள்.

முடிவுரை

திருக்குறளின் 95 ஆவது அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அதில் வள்ளுவர் மருந்தின் பெயர் எதனையும் கூறவில்லை. அளவறிந்தும், முன்னுண்டது அற்றதறிந்தும் உண்பதையே மிகுதியாகக் கூறுகின்றார். உணவே முதல் மருந்து என்ற தெளிவு எமது முன்னோருக்கு இருந்தது.

நாம் வறுமையைப் போற்ற வரவில்லை. 1990 களிற் பொருளாதாரத் தடைக்காலத்தில் சிறுவராயிருந்த நாம், ஒடியற் பிட்டையும் குரக்கனையும் விரும்பி உண்ணவில்லை, வேறில்லாமையால் உண்டோம். வெள்ளைப் பாண் கிடைத்த நாள் எமக்குத் திருநாள். பின்னர் இந்நாட்டுக்கு ஏதிலியாக வந்த புதிதில், வெள்ளைப் பாணும் தேநீருமாகவே மாதக்கணக்காக வாழ்ந்து, வயிறு கெட்டு மருத்துவரிடம் சென்றோம். அவர் மருந்தெழுதுமுன் கேட்ட முதற்கேள்வி, "என்ன சாப்பிடுகின்றீர்கள்?" என்பதே. விஞ்ஞானம் கற்பித்த எமக்கு அன்று விடை சொல்ல நா எழவில்லை. இல்லாமையால் உண்ட உணவைத் தெரிந்து விரும்பி உண்பதற்கு, இப்போது எமக்கு வசதியும் அறிவும் உள்ளன. அதுவே வேறுபாடு.

தொடக்கத்தில் நாம் சொன்ன மாணவன் மருத்துவர் தந்த மருந்தை முறைப்படி எடுத்தான். தாயாரும் உணவைச் சிறிது சிறிதாக மாற்றினார். இப்போது இடைவேளையில் அவன் ஒரு சிறு பெட்டியைத் திறக்கின்றான். அதில் தாளித்த கடலை இருக்கும். முதல் வாரம் மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தனர். இரண்டாம் வாரம் கை நீட்டினர். சென்ற சனிக்கிழமை அவன் எமக்கும் ஒரு பிடி தந்தான்.

தாயகத்திற் பல ஆண்டுகளுக்கு முன் பாதி விடைக்கு முழுப்புள்ளி வழங்கிய குற்றத்துக்கு, இக்கட்டுரை எமது சிறு திருத்தம். அன்று எம்மிடம் கற்றோர் இன்று எந்நாட்டில் எவ்வாறு வாழ்கின்றார்களோ அறியோம். அவர்களிடம் சொல்ல இயலாததை உங்களிடம் சொல்லிவிட்டோம். தட்டில் நாரும் நாவில் தமிழும் குன்றாமல் உங்கள் இல்லங்கள் விளங்கவேண்டுமென வாழ்த்தி அமைகின்றோம்.